கொடுத்ததைப் பார்க்க வருபவர்

பெரியப்பா எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எங்களைப் பார்க்க மாட்டார். சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்ப்பார். அப்புறம் அலமாரி மேலிருக்கும் டார்ச் லைட்டை எடுத்து ஒரு முறை அடித்து அணைப்பார். எல்லாம் இருக்கிறதா, இருக்கவேண்டியபடி இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்து முடித்த பிறகுதான், "என்னம்மா, எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். அவை எல்லாம் அவர் ஷார்ஜாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்தவை.

அம்மாவின் அக்காள் வீட்டுக்காரர் அவர். வீடு சீர்காழியில். நாங்கள் தஞ்சாவூரில் கரந்தைப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். ஆண்டுக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த முதல் வாரம் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பெட்டியைத் திறப்பார். மீதி வாரங்களில் அதே வீடுகளுக்குத் திரும்பவும் போவார், போன வருஷம் கொடுத்ததெல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்க.

கட்டை விரலை நாக்கில் தொட்டு எச்சில் பண்ணிக்கொண்டு, பொருளின்மேல் இருக்கும் கறையையோ கீறலையோ தேய்ப்பார். கீறல் போகாது. இன்னொரு தடவை நாக்குக்குப் போகும் விரல். சென்ட் வாசனையும் எச்சிலும் கலந்த அந்த ஈரம் கடிகாரக் கண்ணாடியில் காய்வதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் கிளம்பியதும் ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் துடைப்பேன். அம்மா திட்டுவாள். "பெரியவங்க தொட்டதத் தொடைக்கிறியே, என்னடி பழக்கம் இது?"

பூம்புகாரில் இருக்கும் சித்திக்கு அவர் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்திருந்தார். அது ஷார்ஜாவிலிருந்து வந்ததில்லை, மாயவரத்தில் வாங்கியது. ஆனாலும் அவர் கொடுத்தது. நான் முதலாமாண்டு படிக்கும்போது எல்லோருமாக அங்கே போயிருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையற்கட்டுக்குப் போனார். ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டார். மூக்கை இழுக்கும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

"யாரு இதுல மீன வச்சது?"

"நேத்து வச்ச கொழம்புதான் அத்தான், மிச்சம்" என்றாள் சித்தி. "காலைல புள்ளைங்க பழைய சோத்துக்குத் தொட்டுக்குங்க."

"மீன் வைக்கிறதுக்கா வாங்கிக் குடுத்தேன்?"

பாத்திரத்தை இரண்டு விரல் நுனியால் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். குழம்பை அப்படியே மண்ணில் கொட்டினார். அவர் நகரும் முன்பே நாலைந்து பூனைகள் வந்துவிட்டன. திரும்பி வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். கடற்கரை ஊரில், மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில், சித்தி ஒரு துணியை நனைத்து ஃபிரிட்ஜின் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவர் லீவில் வந்திருக்கிறார் என்று தெரிந்தாலே சித்தி மீனை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவாள். அவர் விமானம் ஏறிய மறுநாள் மீன் ஃபிரிட்ஜுக்குத் திரும்பும்.

அன்று எனக்கு வந்த அருவருப்பு இன்றும் போகவில்லை. ஆனால் "மீன் வாடை ஒரு தடவ ஏறிட்டா போவாதுல்ல பெரியப்பா" என்று அவருக்கு ஒத்துப் பாடினேன். ஏனென்றால் என் கைப்பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டின் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது அதைக் கொடுத்தேன்.

எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்ற ஆசை கல்லூரி லேபில் வந்தது. லேப் அசிஸ்டென்ட் சாப்பிடப் போன நேரத்தில் வகுப்புப் பையன்கள் ஒரு கார்ப் பந்தய விளையாட்டைப் போடுவார்கள். நான் பின்னால் நின்று பார்ப்பேன். ஒரு நாள் ஒருத்தன் எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் போய் அனிமேஷன் படிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றேன். அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

முழுசாக வாங்க வழியில்லை. துண்டு துண்டாகச் சேர்த்தேன். கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். அங்கே பெருத்த முதுகு உள்ள டியூப் மானிட்டரும், கீபோர்டும், ஒரு கேபினெட்டும் சல்லிசாகக் கிடைத்தன. கேபினெட்டின் முன்பக்கத்தில் யாரோ நடிகையின் படத்தை ஒட்டிக் கிழித்த தழும்பு இருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து மதர்போர்டும் பிராசஸரும் வாங்கினேன். ரேம் வாங்க இன்னும் நாலு மாதம் ஆனது. அதுவரைக்கும் ரேம் இல்லாத கம்ப்யூட்டரைத் தினமும் துடைத்து வைத்தேன். எல்லாம் சேர்ந்து விண்டோஸ் வந்த அன்று அம்மா குங்குமம் வைத்தாள். எழுத்து வந்தது, பாட்டு வந்தது. விளையாட்டைப் போட்டால் மட்டும் ஒரு நொடிக்கு ஒரு படம் வீதம் கார் தத்தித் தத்திப் போனது. அதற்கென்று தனியாக ஒரு கார்டு வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டுக் கடையிலிருந்து வெளியே வந்த நாளில்தான் அந்தச் சீட்டை எழுதினேன்.

அடுத்த லீவில் பெரியப்பா அதைக் கொண்டுவந்தார். அதே பெட்டியிலிருந்து அப்பாவுக்கும் ஒன்று வந்தது. காது மெஷின்.

அப்பா அரவை மில்லில் எஞ்சின் பார்ப்பவர். இருபது வருஷச் சத்தத்தில் அவர் காது போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி கேட்கும். பெரியப்பா அந்த மெஷினை அப்பாவின் காதுக்குப் பின்னால் தன் கையாலேயே மாட்டிவிட்டு, "தம்பி" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அப்பா சட்டென்று திரும்பினார். அம்மா அழுதுவிட்டாள். அந்த நிமிஷத்தில் எனக்கும் அவர்மேல் அன்பு வந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கார்டு நீளமாக இருந்தது. கேபினெட்டுக்குள் ஹார்டு டிஸ்க் வைக்கும் தகரக் கூடு இடித்தது. அப்பா மில்லிலிருந்து ரம்பம் கொண்டுவந்து கூட்டின் ஒரு மூலையை அறுத்தார். அரம் போட்டு விளிம்பைத் தேய்த்து, "இப்ப கைய வச்சிப் பாரு, கிழிக்குதா?" என்றார். கார்டு உட்கார்ந்தது. விளையாட்டு ஓட ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அந்தக் கார்டுக்கு வேண்டிய கரண்ட்டைக் கொடுக்கத் திணறியது. இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் சேர்த்துப் புதியது வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு அணையவில்லை.

அப்பா மில்லிலிருந்து வந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பின்னால் உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். "கியர மாத்து, எஞ்சினு கத்துது பாரு" என்பார். ஒரு நாள் விளையாட்டை நிறுத்தச் சொன்னார். கேபினெட்டின் பக்கம் காதைக் கொண்டுபோனார். "இந்தப் பக்க ஃபேன்ல பேரிங் போவப் போவுது பாப்பா." ஒரு மாதத்தில் அந்த ஃபேன் நின்றுபோனது. அதை அவர் மில்லில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பாவும் அந்த லீவில் நாலு தடவை வந்தார். கூட யாரையாவது அழைத்து வருவார். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்வார். எச்சில் விரலால் கார்டின் ஓரத்தைத் தேய்ப்பார். அங்கே ஈரம் படக்கூடாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிறகு வந்தவரின் பக்கம் திரும்பிக்கொண்டு என்னைக் கேட்பார்.

"சொல்லும்மா, இது இல்லாம இந்தக் கம்ப்யூட்டர் ஓடுமா?"

"ஓடாது பெரியப்பா."

"சத்தமா சொல்லு. இந்த அண்ணனுக்குக் கேக்கணும்ல."

"ஓடாது பெரியப்பா!"

ஓடும். விளையாட்டுதான் ஓடாது. ஆனால் அவருக்கு வேண்டியது அந்தப் பதில், எனக்கு வேண்டியது அந்தக் கார்டு. ஷார்ஜாவிலிருந்து போனில் பேசும்போதும் கேட்பார். "எப்படி ஓடுது நம்ம கார்டு?" நம்ம கார்டு! நான் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னேன். போனை வைத்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கும்.

அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. ஒரு கட்டடக் கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். காலையில் தொழிலாளிகளுக்குக் கையுறையும் ஹெல்மெட்டும் டிரில்லிங் மெஷினும் கொடுத்து, சாயங்காலம் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கிச் சேதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் புத்தி இங்கேயும் வந்துவிடுகிறது, பாவம் என்பார்கள். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்வாள். சொந்தத்தில் மற்ற யாரும் எங்களுக்கு ஒரு கைக்குட்டைகூடக் கொடுத்ததில்லை, அவராவது கொடுத்தார் என்பாள். அது நிஜம். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். முடியெல்லாம் கொட்டி, ஊரோடு வந்துவிட்டார். மணமகள் கழுத்தில் கிடந்த ஒரு சங்கிலியைத் தொட்டுத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போகாமலே வந்துவிட்டேன்.

நான் மூன்றாமாண்டு படிக்கும்போது வந்த லீவில் அவர் கையில் பட்டா நகல் ஒன்று இருந்தது. சீர்காழிப் பக்கம் அம்மாவுக்கு அவள் அப்பா எழுதிவைத்த இரண்டு மா நஞ்சை உண்டு. முக்கால் ஏக்கர்கூட வராது. ஆனால் ரோட்டை ஒட்டியது. அதற்குப் பின்னாலிருந்த வயலைப் பெரியப்பா வாங்கி மனை போட்டிருந்தார். மனைகளுக்குப் பாதை வேண்டும். பாதைக்கு அம்மாவின் வயல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கூடத்தில் பெரியப்பாவும் அப்பாவும் எதிரெதிரே நாற்காலியில் இருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால்.

"சும்மாவா கேக்குறேன்? வெல குடுக்குறேன்ல" என்றார் பெரியப்பா.

அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றபடியே, "வேணாம் அத்தான். வயலாவே இருக்கட்டும். குத்தகைக்கு வுட்ருக்கோம், சாப்பாட்டுக்கு நெல்லு வருது" என்றாள்.

"உன்னக் கேக்கல. தம்பி, நீங்க சொல்லுங்க."

அப்பா யோசிக்கவில்லை. "அவ பேருல உள்ளது அண்ணே. அவ வேணாம்னா வேணாந்தான்."

பெரியப்பா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். வேட்டி மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"நான் பேசுறது நல்லாக் கேக்குதா உங்களுக்கு?"

"நல்லாக் கேக்குதுண்ணே."

"யாரால கேக்குது?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். சிரிக்கத் தொடங்கினார். பெரியப்பா குனிந்து, கையை நீட்டி, அப்பாவின் காதுக்குப் பின்னாலிருந்து மெஷினைப் பிடுங்கினார். ஆமாம், பிடுங்கினார். காதுக்குள்ளிருந்த முனை கொஞ்சம் அழுக்கோடு வெளியே வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் கைக்குட்டையில் துடைத்தார். கைக்குட்டையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த மெஷினைக் காதிலிருந்து எடுத்து அணைக்காமல் எதற்குள்ளாவது மூடி வைத்தால் விசில் அடிக்கும். பெரியப்பாவின் பைக்குள்ளிருந்து அது கீயென்று கத்தத் தொடங்கியது. கூடத்திலிருந்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. பாதிச் சிரிப்போடு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு வெறும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பெரியப்பா எழுந்தார். போகிற வழியில் கம்ப்யூட்டர் பக்கம் நின்றார். என் கை மௌஸ்மேல் இருந்தது.

"இத நீ வச்சுக்க. படிக்கிற புள்ள" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

பெரியப்பா செய்ததை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! கேட்கிறவர்கள் அவரைத் திட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கடுத்த மூன்று வாரமும் நான் விளையாடினேன் என்பதையும் சொன்னதில்லை. கல்லூரியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு உட்காருவேன். கார்டு என்ன செய்யும் பாவம், அது வெறும் கார்டுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மெஷின் வந்த பிறகு அப்பாவுக்கு மிச்சமிருந்த காதும் போயிருந்தது, இப்போது கத்தினாலும் கேட்கவில்லை. அம்மா கையால் ஜாடை காட்டி அவரிடம் பேசப் பழகிக்கொண்டிருந்தாள். மில்லில் யாரோ மெஷின் எங்கே என்று கேட்டதற்கு, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று அப்பா சொன்னாராம்.

ஒரு சாயங்காலம் அவர் வழக்கம்போல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார். திரையில் கார் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சத்தம் வச்சிருக்கியா பாப்பா?"

ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது. மேசை அதிர்ந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர், "ம், நல்லா ஓட்டுற" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் திருகைக் கழற்றிக் கார்டை எடுத்தேன். பழைய நாளிதழில் சுற்றிக் கல்லூரிப் பைக்குள் வைத்தேன். கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கும்பகோணம் பஸ் ஏறி, அங்கே மாறி, மாயவரத்தில் இன்னொரு முறை மாறி, மதியம் சீர்காழியில் இறங்கினேன். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

பெரியம்மா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பெரியப்பாவைக் கூப்பிட உள்ளே போனாள். பெரியப்பா பனியனோடு வந்தார். நான் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"இந்தாங்க பெரியப்பா. எனக்கு வேணாம்."

அவர் கோபப்படுவார் என்று பஸ்ஸில் நினைத்திருந்தேன். வெட்கப்படுவார் என்றும் கொஞ்சம் நினைத்திருந்தேன். கார்டை எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். திருப்பினார். கட்டை விரல் நாக்குக்குப் போனது. ஓரத்தில் ஓர் இடத்தைத் தேய்த்தார்.

"அட்டப் பொட்டி எங்க?"

"அப்பவே தூக்கிப் போட்டாச்சு."

"பொட்டியப் போடலாமாம்மா? பொட்டியோட இருந்தாத்தான் மதிப்பு."

கூடத்துக் கண்ணாடி அலமாரியில் சென்ட் பாட்டில்களுக்கு நடுவே அப்பாவின் காது மெஷின் இருந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"அத மட்டும் குடுங்க பெரியப்பா" என்றேன். "கார்டத்தான் குடுத்துட்டேன்ல."

"அதுக்கென்ன, குடுக்கலாமே. எனக்கு அதுல என்ன ஆசை? அப்பாவ வரச் சொல்லு. வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்."

"அப்பா வரமாட்டாங்க."

"அப்ப அவங்களுக்கு வேணாம்னு அர்த்தம்."

"ப்ளீஸ் பெரியப்பா. அவங்களுக்கு ஒண்ணுமே கேக்கல. ப்ளீஸ்."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்டு முடித்தவர் முகம் போல் இருந்தது. நான் இன்னொரு தடவையும் கேட்டேன். அவர் தலையை மெல்ல இரண்டு பக்கமும் ஆட்டினார். பெரியம்மா உள்ளேயிருந்து, "பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு, நீ கெளம்பும்மா" என்றாள்.

வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள். அப்பா மூடி கழற்றிய கேபினெட்டின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கார்டு இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டார். நோட்டை எடுத்து, 'பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்' என்று எழுதி நீட்டினேன். படித்தார். என் தலையில் கை வைத்தார். அவர் சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். நானும் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நோட்டைத் திரும்ப வாங்கி, 'உங்கள் மெஷினையும் கேட்டேன். தரவில்லை' என்று எழுதினேன்.

அப்பா அதைப் படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். தலையிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

"ஏன் கேட்ட?" என்றார்.

காது கேட்காதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா சமையற்கட்டிலிருந்து ஓடிவந்தாள். அவர் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

"அவன்ட்ட போயி ஏன் கேட்ட?"

பதிலை எழுதித்தான் காட்ட வேண்டும். நோட்டும் பேனாவும் கையில் இருந்தன. அப்பா காத்திருந்தார்.